ஸ்பீடுங்க கண்ணு

அவர் ஒருநாளும் யாரையும் திட்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கெட்ட வார்த்தை பேசி டேபிளை உதைக்கிற ஒரு சூப்பர்வைசரை நீங்கள் மனதில் வரைந்துகொள்வீர்கள். அப்படிப்பட்டவர்கள் திருப்பூரில் நிறைய இருந்தார்கள். அவர்களோடு எனக்குப் பெரிய சிக்கல் இருந்ததில்லை. திட்டுகிறவனைத் திருப்பித் திட்டலாம். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு பாத்ரூமில் போய் நிற்கலாம். கண்ணு என்று கூப்பிடுகிறவரை என்ன செய்ய முடியும்?

“கொஞ்சம் ஸ்பீடுங்க கண்ணு.”

காலையில் மோட்டார் போட்டதிலிருந்து மாலையில் நிறுத்துகிறவரை இதுதான் அவர் வாயில் இருக்கும். எங்களைவிட மிகவும் மூத்தவர், காதோரம் நரைத்தவர், எங்களுக்கு ‘ங்க’ போட்டுப் பேசினார். அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவருக்கு. நானும் என் தங்கை மாரியும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் ஊரில் பாசம் கூடினால்தான் வசவே வரும். இங்கே நாயைக்கூட ‘போங்க’ என்று விரட்டுவார்கள் போல என்று ஆரம்பத்தில் நாங்கள் இருவரும் அறையில் படுத்துக்கொண்டு சிரிப்போம்.

எல்லோரும் அவரை ஸ்பீடண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். முதலாளிக்குத் தெரிந்திருக்கலாம்.

டீயைக் கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கில் குடிப்பார். நாக்கு வெந்துபோய் எந்நேரமும் வெளிறி இருக்கும். சோற்றை நின்றுகொண்டே தின்பார். நடக்கும்போது குதிகால் தரையில் படாது. ரெண்டாயிரத்து ஒன்றிலோ இரண்டிலோ முதல்முறை பார்த்தபோது, இந்த மனுசனுக்குக் காலில் முள் குத்தியிருக்கிறது என்றே நினைத்தேன். மாதக்கணக்கில் அப்படியே நடந்தார். அப்புறம்தான் புரிந்தது, குதிகாலை ஊன்ற அவருக்கு நேரம் இல்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கள் யூனிட்டில் தைத்ததெல்லாம் கைக்குழந்தைகளின் உடுப்பு. ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி துணியை வெட்டி அனுப்பும், நாங்கள் தைத்துக் கொடுப்போம். ஒரு விரல் மட்டும் நுழைகிற அளவுக்குக் கைகள், உள்ளங்கை அகலத்துக்கு நெஞ்சு. புது மாடல் தைத்து முடித்ததும் அவர் அந்தச் சட்டையை உள்பக்கம் திருப்பி, தையலைத் தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துத் தேய்ப்பார். பிறகு கன்னத்தில் தேய்ப்பார். உறுத்தினால் பிரித்துத் தைக்கச் சொல்வார். “கொழந்தைக்கு வாய் இல்லீங்க கண்ணு, அழுகத்தான் தெரியும்” என்பார். அப்போது மட்டும் அவசரப்படவே மாட்டார். அந்த மனுசனை எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

எங்களுடையது பவர் டேபிள். நீளமான மேசை, அதன்மேல் வரிசையாக ஓவர்லாக் மெஷின்கள், அடியில் ஒரே தண்டு, கோடியில் ஒரே மோட்டார். மோட்டார் எந்த வேகத்தில் சுற்றுகிறதோ அதுதான் எல்லாருடைய வேகமும். முதல் ஆள் தோள் மூட்டுவாள், அடுத்தவள் கை வைப்பாள், அதற்கடுத்தவள் பக்கம் மூட்டுவாள். ஒருத்தி பிந்தினால் அவள் முன்னால் துணி மலையாகக் குவியும், அடுத்தவள் சும்மா உட்கார்ந்திருப்பாள், மொத்த டேபிளும் அவள் முகத்தைப் பார்க்கும். சூப்பர்வைசர் திட்டவே வேண்டியதில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டு டேபிள் ஓரமாக நிற்பார். சத்தத்தை வைத்தே யார் பிந்துகிறாள் என்று சொல்லிவிடுவார். “மூணாவது மெஷினு தூங்குதுங்களா?” என்று ரகசியம் போலக் கேட்பார். மூன்றாவது மெஷின் மாரியுடையது.

டீ நேரத்தில் காதரண்ணன் அவரை வம்புக்கு இழுப்பார். காதரண்ணன் எங்கள் டேபிளின் மூத்த டெய்லர், பல்லடத்துக்காரர்.

“ஏனுங்க, தமிழ்ல வார்த்தையே இல்லீங்களா? வேகமான்னு சொன்னா மெஷினு ஓடாதுங்களா?”

“வேகம்னா பஸ்ஸுங்க காதரு. உங்க பல்லடம் பஸ்ஸு போறது வேகம். அது எதுமேலயாவது மோதித்தான் நிக்கும்.”

“வெரசான்னு சொல்லுங்கண்ணே. எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம்” என்றாள் மாரி.

“வெரசலா, சுருக்கா, இதெல்லாம் மாடு ஓட்டறதுக்குங்க கண்ணு. எங்கப்பன் கவலை ஓட்டித் தண்ணி இறைக்கறப்ப மாட்டைச் சொல்லுவாரு. மனுசங்களைச் சொல்றதுக்கு ஸ்பீடுதானுங்க. அதுல ஒரு மரியாதை இருக்குது.”

“இங்கிலீசுல சொன்னா கை வலிக்காதுங்களாக்கும்” என்றார் காதரண்ணன்.

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வாட்சைப் பார்த்தார்.

அந்த வார்த்தை அவருக்கு ஆரம்பத்தில் வெறும் பழக்கமாகத்தான் இருந்தது. அதைப் பக்தியாக்கிவிட்டது ஒரு வெள்ளைக்காரர். சரக்கு பார்ப்பதற்காக ஒருதடவை வந்திருந்தார். வயதானவர். கூடவே கம்பெனியிலிருந்து ஒரு மேடம். வெள்ளைக்காரர் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து எங்களோடு டீ குடித்தார், ஸ்பீடண்ணன் மணிக்கட்டில் துணியைத் தேய்ப்பதை வெகுநேரம் பார்த்தார். கிளம்பும்போது அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, “காட் ஸ்பீடு” என்றார்.

அவருக்குத் தெரிந்த வார்த்தைதான், ஆனால் முன்னால் கடவுள் வந்து நிற்கிறார். காருக்குப் பக்கத்தில் ஓடிப்போய் மேடத்திடம் கேட்டார். அந்தப் பெண் காரில் ஒரு கால் வைத்தபடியே சொன்னாள்: “அது பழைய வார்த்தைங்க அண்ணா. உங்களை ஓடச் சொல்லல. நல்லா இருங்க, எடுத்த காரியம் நல்லபடியா முடியட்டும்னு வாழ்த்தறது. அந்தக் காலத்துல ஸ்பீடுன்னாலே நல்லா வாழறதுன்னுதான் அர்த்தம். வேகம்ங்கற அர்த்தமெல்லாம் பின்னாடி வந்தது.”

கார் போய்விட்டது. அவர் சந்தில் நின்றுகொண்டே இருந்தார். கோயிலில் திருநீறு வாங்கிய கையைப் போல அந்தக் கையை விரித்தபடியே உள்ளே வந்தார்.

“கேட்டீங்களா கண்ணு. இத்தன வருசமா நான் உங்களையெல்லாம் வாழ்த்தீட்டுத்தான் இருந்திருக்கறனுங்க.”

அதன்பிறகு அந்த வார்த்தை எல்லா இடத்துக்கும் போனது. செக்கிங்கில் இருந்த ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். அவர் அட்சதையைப் போட்டுவிட்டு, “ரெண்டு பேரும் ஸ்பீடா இருங்க சாமி” என்றார். மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தான். பின்னால் நின்ற காதரண்ணன் குனிந்து, “அவசரமில்லீங்க மாப்பிள்ளை, பத்து மாசம் பொறுங்க” என்றார். பந்தியிலும் அந்தச் சிரிப்பு அடங்கவில்லை.

நானும் சிரித்தேன்தான். ஆனால் திங்கட்கிழமை காலை வேறு மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஸ்பீடண்ணன் மெக்கானிக்கைக் கூட்டிவந்து, வேகம் கூடுவதற்காக மோட்டாரில் பெரிய புல்லி மாட்டியிருப்பார். முதல் துணியை வைத்ததும் தெரிந்துவிடும். கையிலிருந்து யாரோ பிடுங்குவதைப் போல மெஷின் துணியை இழுக்கும்.

“புல்லி மாத்திட்டீங்களாண்ணே?” என்று கேட்டேன் ஒருநாள்.

“ஆமாங்க கண்ணு. ஒரு வாரத்துல கை பழகிக்குமுங்க.”

“கைக்குப் பழகும். விரலுக்குப் பழகுமா?”

“நல்லா இருக்கோணும்னுதானுங்க செய்யறது. பீஸ் சேந்தாத்தான உங்குளுக்கும் நல்லது?” என்றார். உண்மையாகவே நம்பித்தான் சொன்னார். நல்லா இருப்பதும் சீக்கிரம் ஓடுவதும் ஒன்றுதான் என்று அவருக்கு யாரோ கடவுளின் பெயரால் சொல்லிவிட்டார்கள். இனி அவரை யார் நிறுத்துவது?

மாரி நிறுத்த மாட்டாள். அவள் அவரைவிட மோசம். ஊரில் தீப்பெட்டி ஒட்டிய கை. வந்த ஆறே மாதத்தில் கைமடி வேலையிலிருந்து, அதாவது துணி எடுத்துக் கொடுக்கிற வேலையிலிருந்து, டெய்லராகிவிட்டாள். விரலுக்குக் குறுக்கே இருக்கும் தடுப்புத் தகடு இடைஞ்சலாக இருக்கிறது என்று அதைக் கழற்றி வைத்தாள். டேபிளில் பாதிப்பேர் கழற்றித்தான் வைத்திருந்தோம். அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இனி ஊசி விஷயத்தைச் சொல்ல வேண்டும். கம்பெனிக்காரர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். மெஷினில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் அத்தனையும் கிடைத்தாக வேண்டும். அவற்றை ஒரு முழு ஊசிக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்து நீளம் பார்ப்பார்கள். சரியாக இருந்தால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு நுனி குறைந்தாலும் அன்றைக்குத் தைத்தது எல்லாவற்றையும் பெட்டியைத் திறந்து தேட வேண்டும். எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தைக்குச் சட்டைக்குள் ஊசி இருந்து குத்திவிடக் கூடாது. நல்ல விதிதான். அந்த விதியில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதில் எங்கள் விரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதைத் தவிர.

அன்றைக்குத் தூத்துக்குடி போகிற லாரி காலையிலேயே சந்தில் வந்து நின்றுவிட்டது. டிரைவர் என்ஜினை நிறுத்தாமல் வைத்திருந்தான். கம்பெனி செக்கர் வாசலில் உட்கார்ந்து பெட்டிகளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்பீடண்ணன் டேபிளுக்கும் லாரிக்கும் நடுவே குதிகால் படாமல் ஓடிக்கொண்டிருந்தார்.

“அக்கா” என்றாள் மாரி.

கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவளிடம் கத்தரி கேட்கிற குரல்தான். திரும்பிப் பார்த்தேன். வலது ஆள்காட்டி விரல் மெஷினுக்கு அடியில் இருந்தது. ஊசி நகத்தைத் துளைத்து நின்றிருந்தது.

நான் எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தினேன். டேபிள் முழுக்க நின்றது. அந்த அமைதியில் லாரியின் சத்தம் மட்டும் கேட்டது.

“யாருங்க நிறுத்துனது?” என்று கேட்டுக்கொண்டே ஸ்பீடண்ணன் ஓடிவந்தார்.

“நான்தான். மாரிக்கு ஊசி ஏறிருச்சு.”

அவர் மண்டி போட்டார். “கண்ணை மூடிக்குங்க கண்ணு” என்றார். மெஷினின் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பி ஊசியை மேலே தூக்கினார். அவள் விரலை, பச்சைக்குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதைப் போல எடுத்தார். அதற்குள் ஊசி உடைந்திருந்தது. பாதி மெஷினில் இருந்தது. ஒரு துண்டு ஊசிக்கு அடியில் இருக்கும் மெஷின் தகட்டின்மேல் கிடந்தது. நுனியைக் காணோம்.

மெஷின் ஆயிலைத் தொட்டு வைத்து, பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றிக் கட்டினோம். எங்களிடம் இருந்த வைத்தியம் அவ்வளவுதான். அவர் காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையில் தவழ்ந்தார். மெஷினுக்கு அடியில், கால் மிதிக்கு அடியில், வேஸ்ட் மூட்டைக்குள், மாரியின் மடியில் கிடந்த துணியில் எல்லாம் காந்தத்தை ஓட்டினார். நூல்தான் வந்தது.

“உள்ள இருக்குண்ணே” என்றாள் மாரி.

“இருக்காதுங்க கண்ணு. எப்பவும் துணியிலதானுங்க போகும்.” விரலை எடுத்து அழுத்திப் பார்த்தார். “உள்ள இருந்தா கைக்குத் தட்டுப்படுமுங்க. ஒண்ணும் தட்டுப்படலீங்களே.”

“வீங்கியிருக்கு. எப்படித் தட்டுப்படும்?” என்றேன் நான். “ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

டிரைவர் ஹாரன் அடித்தான். வாசலிலிருந்து செக்கர், “என்ன நின்னு போச்சு?” என்று கேட்டார்.

ஸ்பீடண்ணன் எழுந்து ஸ்டோர் ரூமுக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன். அதே நம்பர் ஊசி ஒன்றை எடுத்து, கட்டிங் பிளேயரால் நுனியை நறுக்கினார். உள்ளங்கையில் விழுந்தது.

“என்ன செய்றீங்க?”

அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் ஞாபகம் இருக்கிறது. மாட்டிக்கொண்ட திருடனின் பார்வை இல்லை. அழுகையை அடக்குகிறவரின் பார்வை.

“பெட்டியெல்லாம் பிரிச்சா இன்னிக்கு வண்டி போகாதுங்க. வண்டி போகலீன்னா கப்பலு போயிருமுங்க. அப்புறம் இந்த டேபிளுக்கு யாரு துணி குடுப்பாங்க? வண்டி கெளம்பட்டுங்க கண்ணு. நானே கூட்டீட்டுப் போறனுங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்கறனுங்க.”

குனிந்தே விட்டார். நான் விலகிக்கொண்டேன். அந்த நொடியில் அவர் என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

வெளியே போய் நான் செக்கரிடம் சொன்னேன். “நுனி கிடைக்கல சார், அவ விரலுக்குள்ள இருக்கு” என்றேன். அவர் துண்டுகளை முழு ஊசிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். மூன்று துண்டும் சரியாகப் பொருந்தின. “கண்ணு முன்னாடி இருக்குதேம்மா” என்றார். அதற்குமேல் என் முகத்தையே பார்க்கவில்லை. புது ஊசி வந்தது. மாரியின் மெஷினில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். மோட்டார் ஓடியது.

மாலையில் ஸ்பீடண்ணன் தன்னுடைய டி.வி.எஸ் வண்டியில் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக் கூட்டிப்போனார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கம்பெனிக்கு வேண்டிய கிளினிக் அது. டாக்டர் விரலைப் பார்த்துவிட்டு, “ஊசி முழுசா வெளிய வந்துருச்சா?” என்று கேட்டார்.

“வந்துருச்சுங்க டாக்டர். எல்லாத் துண்டும் கெடச்சிருச்சுங்க.”

“பொய் சொல்றார் டாக்டர். நுனி உள்ள இருக்கு” என்றேன்.

டாக்டர் இரண்டு பேரையும் பார்த்தார். “நீங்க யாரு?” என்று அவரைக் கேட்டார்.

“சூப்பர்வைசருங்க.”

எக்ஸ்ரே எதுவும் எடுக்காமலே மாரிக்கு டி.டி ஊசி போட்டு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மாத்திரையில் வீக்கம் வடிந்தது. அங்கேதான் நாங்கள் தோற்றோம். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது மாரி என்மேல் பாய்ந்தாள். “வத்திருச்சுல்ல? இன்னும் ரெண்டு நாள் போனா அந்த மெஷின் அவளுக்குன்னு ஆயிரும். நீ வாயை மூடு.” விரலுக்கு ரப்பர் உறை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். ஓட்டினாள். நுனி உள்ளே இருந்தபடியே ஓட்டினாள்.

அந்த நாட்களில்தான் ஸ்பீடண்ணன் மாறிப்போனார். காலையில் எங்களுக்கு முன்பே வந்து காந்தத்தோடு தரையில் தவழ்ந்துகொண்டிருப்பார். அந்த வார்த்தை வாயில் வருவது குறைந்துபோனது. ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே அன்றுதான்.

“கண்ணு, அந்த ஊர்ல கொழந்தைங்களை எப்புடிங்க படுக்க வெப்பாங்க? மல்லாக்கங்களா, குப்புறங்களா?”

“எனக்கென்ன தெரியும்?”

“குப்புறப் படுத்தா நெஞ்சுல குத்துமுங்க.”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. நுனி துணியில் போய்விட்டது என்றே இந்த மனுசன் நம்பிக்கொண்டிருக்கிறார். கடலில் போகிற பெட்டிக்குள் ஏதோ ஒரு சட்டையில் அது இருக்கிறது, ஏதோ ஒரு குழந்தை அதைப் போட்டுக்கொள்ளப் போகிறது. இவருக்குத் தூக்கம் போனது அதற்காக.

“குத்துறது இங்கண்ணே. மாரி விரல்ல குத்திட்டு இருக்கு. அதைப் பாருங்க.”

“அது ஆறிருச்சுங்களே” என்றார். எழுந்து போய்விட்டார்.

கம்பெனிக்குச் சொல்லிப் பெட்டியைத் திறக்க வைக்கலாம் அல்லவா? அதையும் செய்யவில்லை. ஒவ்வொரு நாளும் கப்பல் இன்னும் தூரம் போய்க்கொண்டிருந்தது. நடுச்சாலையில் நின்றுவிட்ட மாட்டைப் போல அவர் நின்றார்.

பிற்பாடு ஒரு விடுமுறை நாளில் நான் நூலகத்துக்குப் போனேன். பிளஸ் டூ வரை படித்தவள் நான். அந்த மேடம் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போனேன். தடித்த இங்கிலீஷ் அகராதி ஒன்றை எடுத்து மேசையில் போட்டுத் தேடினேன்.

உண்மைதான். அந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த பொருள் செழிப்பு. வெற்றி, வளம், நல்ல காலம். அதற்கும் அடியில் இருக்கிற வேர், லத்தீனில் நம்பிக்கையைக் குறிக்கிற சொல்லுக்கும் வேர் என்று போட்டிருந்தது. ஒருவன் நன்றாக இருக்கிறான் என்றால் அவன் காரியம் தடையில்லாமல் நடக்கிறது. தடையில்லாமல் நடந்தால் சீக்கிரம் நடக்கிறது. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் சீக்கிரம் மட்டும் தங்கிவிட்டது. நன்றாக இருப்பது கழன்று விழுந்துவிட்டது. வாழ்த்தில் மட்டும் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் அந்தப் புத்தகத்தைச் சத்தம் வரும்படி மூடினேன். பக்கத்தில் படித்துக்கொண்டிருந்தவர் முறைத்தார். முறைக்கட்டும். ஆயிரம் வருடத்தில் ஒரு சொல்லுக்கு நடந்தது எங்கள் டேபிளில் நாலே வருடத்தில் நடந்து முடிந்திருந்தது. நன்றாக இருக்கலாம் என்று பஸ் ஏறி வந்தோம். இப்போது ஓட்டம் மட்டும் இருக்கிறது. நம்பிக்கை எந்த வேரில் இருந்தால் எனக்கென்ன? என் தங்கையின் விரல் அதற்குள் கறுக்க ஆரம்பித்திருந்தது.

மறுபடி வீங்கியபோது மாத்திரைக்கு அடங்கவில்லை. ரப்பர் உறையைக் கழற்றினால் வாடை வந்தது. மாரி இடது கையால் தலை வாரிக்கொண்டாள். ஒருநாள் காலையில் கை முட்டி வரை சூடேறி, எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். நான் டேபிளுக்குப் போய் அவரிடம் சொன்னேன். கேட்டவர் மோட்டாரைத் தன் கையாலேயே நிறுத்தினார். யாரிடமும் சொல்லவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு என்னோடு எங்கள் அறைக்கு வந்தார். வண்டியை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு மூன்று பேரும் பஸ்ஸில் கோயமுத்தூர் போனோம். வழிநெடுக மாரியின் கையைத் தன் துண்டால் தாங்கிப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தார். சோமனூர் திருப்பத்தில் பஸ் குலுங்கியபோது, “மெல்லப் போங்க சாமி” என்று டிரைவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். மாரி பெஞ்சில் சுருண்டிருந்தாள். நானும் அவரும் பக்கத்தில் நின்றோம். விரல் எலும்பு மங்கலாகத் தெரிந்தது. அதன் நுனியில், நகத்துக்குக் கீழே, வெள்ளையாக ஒரு கோடு.

“ஊசி உள்ளேயே இருக்கு. எலும்பு வரைக்கும் சீழ் பிடிச்சிருக்கு. மேல் கணு எடுக்கணும்” என்றார் டாக்டரம்மா.

நான் ஸ்பீடண்ணன் முகத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். பார்க்காமல் இருந்திருந்தால் அவரை ஒருவேளை மன்னித்திருப்பேன்.

அந்த முகம் தெளிந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் இறுகிக் கிடந்த தாடை விட்டுக்கொடுத்தது. இரண்டு கையையும் சேர்த்து அந்த எக்ஸ்ரே படத்தைக் கும்பிட்டார்.

“போகலீங்க. துணியில போகலீங்க, சாமி. கொழந்தைகளுக்கு ஒண்ணும் ஆகாதுங்க.”

நான் அவர் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தேன். “அன்னிக்கே இங்க வந்திருந்தா அன்னிக்கே நுனி கெடச்சிருக்கும்” என்றேன். “நெசமான நுனி. உங்க செக்கர் அதை வச்சுப் பாத்துட்டுப் புது ஊசி குடுத்திருப்பான். பெட்டியைப் பிரிச்சிருக்க வேண்டாம். வண்டியும் போயிருக்கும். அவ விரலும் இருந்திருக்கும். இதைவிடச் சுருக்கு வழி ஒண்ணு இருந்துச்சா? சொல்லுங்க, இருந்துச்சா?”

அவர் யோசித்தார். நான் சொன்னதை ஒவ்வொன்றாக மனதுக்குள் அடுக்கிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் வந்து என்னைப் பிரித்துக் கூட்டிப்போனாள்.

விரலின் மேல் கணுவை எடுத்துவிட்டார்கள். மறுநாள் மாரி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கை மடியில் கிடந்தது. அவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்ல நான் தயாராக இல்லை. மாரிதான் கூப்பிட்டாள்.

“அண்ணே, நடுவிரலால ஓட்ட முடியுமா?”

“நீ பேசாம இரு” என்றேன்.

“உன்னைக் கேக்கல. அண்ணே, முடியுமா?”

அவர் கட்டிலின் காலடியில் வந்து நின்றார். “கட்டு பிரிக்கட்டுங்க கண்ணு” என்றார்.

மாரி காத்திருக்கவில்லை. கட்டோடு இருந்த கையைத் தூக்கிப் போர்வையின் ஓரத்தில் வைத்தாள். ஆள்காட்டி விரலை மேலே விறைப்பாகத் தூக்கிக்கொண்டு, நடுவிரலாலும் கட்டை விரலாலும் ஓரத்தைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தாள். துணி கோணிக்கொண்டு போனது. மறுபடி வைத்தாள். மறுபடியும் கோணியது. வலியில் அவள் உதடு வெளுத்திருந்தது. அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கவில்லை.

“கட்டை விரலை இன்னுங் கொஞ்சம் பின்னால வெச்சுக்குங்க கண்ணு” என்றார்.

அவள் வைத்துக்கொண்டாள். “இப்படியாண்ணே?”

“அப்புடித்தானுங்க.”

போர்வையின் ஓரம் அவள் கைக்குள் நேராக ஓடியது. நான் அதைப் பிடுங்கி, மடித்து, தலையணைக்கு அடியில் வைத்தேன். மாரி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துப்பட்டாவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அதன் ஓரத்தைத் தேடினாள்.